இண்டி, ஆல்டர்நேட்டிவ் பேண்டுகளும் ஆல்பங்களும்: ரசிகர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

இந்த இசையை விரும்புகிற இரண்டு பேர் சந்தித்தால் பேச்சு சுற்றிச் சுற்றி இந்தக் கேள்விகளில்தான் வந்து நிற்கும். பதில்களில் தகவலும் உண்டு, என் சொந்தத் தீர்ப்பும் உண்டு. எது எது என்று படிக்கும்போதே தெரியும்.

இண்டியும் ஆல்டர்நேட்டிவும் ஒன்றுதானா?

இல்லை. இண்டி (இண்டிபென்டென்ட் என்பதன் சுருக்கம்) என்பது முதலில் இசையின் ஒலியைக் குறிக்கவில்லை, அது எப்படி விற்பனைக்கு வந்தது என்பதைக் குறித்தது. 1977 ஜனவரியில் மான்செஸ்டரைச் சேர்ந்த பஸ்காக்ஸ் குழு கடன் வாங்கிய பணத்தில் 'ஸ்பைரல் ஸ்கிராட்ச்' என்ற நான்கு பாட்டுத் தட்டைத் தாங்களே வெளியிட்டது. பெரிய கம்பெனியின் வாசலில் போய் நிற்க வேண்டியதில்லை என்று அது பலருக்குத் தைரியம் கொடுத்தது. 1980 ஜனவரியில் பிரிட்டனில் இண்டி சார்ட் (விற்பனை வரிசைப் பட்டியல்) வந்தபோது அதில் இடம்பிடிக்க ஒரே நிபந்தனை, தட்டைக் கடைகளுக்குக் கொண்டுபோவது பெரிய கம்பெனியாக இருக்கக் கூடாது என்பதுதான். அந்தக் கணக்கில் எண்பதுகளின் கடைசியில் கைலி மினோக்கின் நடனப் பாடல்கள்கூட இண்டி சார்ட்டில் முதலிடம் பிடித்தன.

ஆல்டர்நேட்டிவ் என்ற பெயர் அமெரிக்காவில் கல்லூரி வானொலிகளைச் சுற்றி வளர்ந்தது. 1988 செப்டம்பரில் பில்போர்டு பத்திரிகை இந்த இசைக்குத் தனிப் பட்டியல் தொடங்கியது. நிர்வானா குழு வந்த பிறகு அந்தப் பெயர் கடையில் ஒரு அலமாரிக்கு ஒட்டும் சீட்டாகிவிட்டது.

ஒரு ஆல்பத்தை எடுத்தால் நான் பார்ப்பது வேறு: இதில் கடைசி வார்த்தை யாருடையது? குழுவுடையதா, கம்பெனியுடையதா? கீழே உள்ள பதில்களில் பாதி இந்தக் கேள்வியில்தான் போய் முடியும்.

புதிதாகக் கேட்க ஆரம்பிக்கிறேன். எந்த ஆல்பத்தில் தொடங்கலாம்?

பிக்ஸீஸின் 'டூலிட்டில்' (1989). பதினைந்து பாட்டு, நாற்பது நிமிடம்கூட ஆகாது. ஒன்று பிடிக்காவிட்டாலும் இரண்டு நிமிடத்தில் அடுத்தது வந்துவிடும். கத்தல் வேண்டாம், மெட்டு வேண்டும் என்றால் ஆர்.இ.எம்.மின் 'ஆட்டோமேட்டிக் ஃபார் தி பீப்பிள்' (1992). கிட்டார்தான் உயிர் என்றால் தி ஸ்மித்ஸின் 'தி குவீன் இஸ் டெட்' (1986). இந்த மூன்றில் ஒன்றாவது ஒட்டிக்கொள்ளும்.

பிக்ஸீஸில் எது சிறந்தது, 'சர்ஃபர் ரோசா'வா 'டூலிட்டில்'லா?

இந்தச் சண்டை தீராது. தீரவும் வேண்டாம், ஏனென்றால் இரண்டும் ஒரே குழுவை இரண்டு ஆட்கள் இரண்டு விதமாகக் கேட்டதன் விளைவு. 1988இல் வந்த 'சர்ஃபர் ரோசா'வை ஒலிப்பதிவு செய்தவர் ஸ்டீவ் அல்பினி. அறையின் காற்றையும் சேர்த்துப் பதிவுசெய்கிற ஆள் அவர். டிரம்ஸ் அடி விழுந்ததும் சுவரில் பட்டுத் திரும்புவது காதில் தெளிவாக விழும். பேஸ் கிட்டார் வாசித்த கிம் டீலின் குரலுக்கு எதிரொலி வேண்டும் என்று ஸ்டூடியோவின் குளியலறைக்குள் மைக்கை வைத்துப் பாட வைத்தார். அடுத்த ஆண்டு 'டூலிட்டில்'லில் தயாரிப்பாளர் கில் நார்ட்டன் எல்லாவற்றையும் துடைத்து, நேராக்கி, பாட்டு பாட்டாக நிறுத்தினார்.

'டூலிட்டில்'லில் 'டேம்' என்ற பாட்டை மட்டும் இயர்போனில் ஒருமுறை கேளுங்கள். பேஸ் கிட்டார் ஒரே சிறு வரிசையைத் திரும்பத் திரும்ப வாசிக்க, பாடகர் பிளாக் ஃபிரான்சிஸ் கிட்டத்தட்ட காதோரம் முணுமுணுக்கிறார். திடீரென்று கிட்டார் வெடிக்கும், அவர் ஒரே சொல்லைத் தொண்டை கிழியக் கத்துவார். மறுபடி முணுமுணுப்பு. இரண்டு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். மெதுவாகத் தொடங்கி உரக்க வெடிக்கும் இந்த உத்தியைப் பிக்ஸீஸிடமிருந்து எடுத்துக்கொண்டதாக நிர்வானாவின் கர்ட் கோபேனே பேட்டியில் சொல்லியிருக்கிறார். எனக்கு 'சர்ஃபர் ரோசா'தான். ஆனால் முதலில் 'டூலிட்டில்' கேட்டுவிட்டு அங்கே போனால்தான் அதன் அருமை தெரியும்.

நிர்வானாவை இண்டி என்று சொல்லலாமா?

முதல் ஆல்பத்துக்குத் தாராளமாகச் சொல்லலாம். 'பிளீச்' (1989) சப் பாப் என்ற சிறிய சியாட்டில் லேபிளில் (இசைத்தட்டு கம்பெனியில்) வந்தது. ஒலிப்பதிவுச் செலவு 606 டாலர் 17 சென்ட். அந்தப் பணத்தைக் கொடுத்த ஜேசன் எவர்மேன் ஒரு ஸ்வரம்கூட வாசிக்கவில்லை, ஆனாலும் நன்றிக்காக கிட்டார் கலைஞர் என்று அட்டையில் அவர் பெயரைப் போட்டார்கள். 1991 செப்டம்பரில் வந்த 'நெவர்மைண்ட்' பெரிய கம்பெனியான கெஃபன் குடும்பத்தைச் சேர்ந்த டிஜிசி லேபிளில் வெளியானது. 1992 ஜனவரியில் மைக்கேல் ஜாக்சனின் 'டேஞ்சரஸ்' ஆல்பத்தை இறக்கி அமெரிக்காவில் முதலிடம் பிடித்தது. அதன் பிறகு இண்டி என்று சொல்ல வழியில்லை.

எனக்கு அவர்களுடைய கதையில் முக்கியமான ஆல்பம் 'இன் யூட்டரோ' (1993). அவ்வளவு பெரிய வெற்றிக்கு அப்புறம் அவர்கள் போனது அல்பினியிடம். அவர் வேலைக்கு முன்பு குழுவுக்கு எழுதிய கடிதத்தில், தனக்கு ராயல்டி வேண்டாம், பிளம்பருக்குக் கொடுப்பதுபோல் செய்த வேலைக்குக் கூலி கொடுத்தால் போதும் என்றார். அதன்படியே மொத்தத் தொகை ஒன்றை மட்டும் வாங்கிக்கொண்டார். பிறகு இரண்டு பாடல்களின் மிக்ஸை (ஒலிக் கலவையை) மட்டும் தயாரிப்பாளர் ஸ்காட் லிட்டை வைத்து மாற்றினார்கள். மற்ற பாட்டுகளோடு அந்த இரண்டையும் ஒப்பிட்டுக் கேட்டால் குரல் முன்னால் வந்து நிற்பதும் ஓரங்கள் மழுங்கியிருப்பதும் தெரியும்.

பெரிய கம்பெனிக்குப் போனால் குழு கெட்டுவிடும் என்கிறார்களே?

அப்படி ஒரு விதி கிடையாது. ஆர்.இ.எம். 1988இல் வார்னருக்குப் போனது. இசை விஷயத்தில் தலையிட மாட்டோம் என்ற உறுதியை வாங்கிக்கொண்டே போனது. அதன் பலன்தான் 'ஆட்டோமேட்டிக் ஃபார் தி பீப்பிள்'. மரணத்தையும் இழப்பையும் பற்றிய மெதுவான ஆல்பம். நான்கு பாடல்களுக்கு வயலின் கோர்வை அமைத்தவர் லெட் ஸெப்ளினின் ஜான் பால் ஜோன்ஸ். அதை விற்க ஊர் ஊராகக் கச்சேரிகூடப் போகவில்லை. இப்படி ஒரு ஆல்பத்தை எந்தக் கம்பெனியும் கேட்டு வாங்காது.

சோனிக் யூத்தும் 'டேட்ரீம் நேஷன்' (1988) வரை சிறு லேபிள்களில் இருந்துவிட்டு 1990இல் 'கூ' ஆல்பத்தோடு டிஜிசிக்குப் போனது. நிர்வானாவை அந்தக் கம்பெனிக்குப் பரிந்துரைத்ததும் அவர்கள்தான். போன பிறகும் கிட்டார்களை வழக்கத்துக்கு மாறாகச் சுருதி கூட்டுவதை விடவில்லை. அவர்களிடம் ஒவ்வொரு கிட்டாரும் அதற்கென்று ஒதுக்கிய சுருதியிலேயே இருக்கும். 1999இல் கருவிகள் இருந்த வண்டியே திருடுபோனபோது, பணம் கொடுத்தாலும் மறுபடி வாங்க முடியாத ஒலிகளும் அதோடு போய்விட்டன.

மாறாக நடந்ததும் உண்டு. வில்கோ 'யாங்கி ஹோட்டல் ஃபாக்ஸ்ட்ராட்' ஆல்பத்தை 2001இல் ரிப்ரைஸ் லேபிளிடம் கொடுத்தபோது அவர்களுக்கு அது பிடிக்கவில்லை. மாற்றித் தரமாட்டோம் என்று குழு நின்றது. ஆல்பத்தோடு வெளியேறி, அந்த செப்டம்பரில் இணையதளத்தில் யார் வேண்டுமானாலும் இலவசமாகக் கேட்கட்டும் என்று போட்டுவிட்டது. 2002 ஏப்ரலில் நான்சச் லேபிள் அதை வெளியிட்டது. ரிப்ரைஸும் நான்சச்சும் ஒரே வார்னர் குழுமம். ஒரு கதவு தள்ளிவிட்டதை அதே கட்டடத்தின் இன்னொரு கதவு காசு கொடுத்து வாங்கியது. அந்த ஆல்பத்தில் வானொலி இரைச்சலுக்கு நடுவே மெட்டு எட்டிப்பார்ப்பதைக் கேட்கும்போதெல்லாம், குழு விட்டுக்கொடுத்திருந்தால் முதலில் துடைக்கப்பட்டிருப்பது இந்த இரைச்சல்தான் என்று தோன்றும்.

அப்படியானால் சிறு லேபிள் என்றால் எல்லாம் சுபமா?

அதுவும் இல்லை. ஸ்மித்ஸ் இருந்த ரஃப் டிரேட், இண்டி உலகின் கோயில் மாதிரி. ஆனாலும் 'தி குவீன் இஸ் டெட்' ஒலிப்பதிவு முடிந்த பிறகு குழுவுக்கும் லேபிளுக்கும் வழக்கு மூண்டதால் ஆல்பம் மாதக்கணக்கில் கிடப்பில் கிடந்து 1986 ஜூனில்தான் வந்தது. ஃபாக்டரி லேபிள் இசை முழுவதும் கலைஞர்களுக்கே சொந்தம் என்ற கொள்கையில் நடந்தது. 1992இல் அது நொடித்து, விற்கப் போனபோது வாங்க வந்த கம்பெனிக்குக் கையில் எடுத்துக்கொள்ள எதுவும் இல்லை. அந்த லேபிளில் இருந்த நியூ ஆர்டர் குழுவின் இசை நியூ ஆர்டரிடமே இருந்தது. வியாபாரமாகப் பார்த்தால் அது தோல்வி. ரசிகனாக எனக்கு அந்த லேபிள் மேல் மரியாதை கூடத்தான் செய்கிறது.

இந்த விஷயத்தில் கொஞ்சமும் வளையாதவர்கள் வாஷிங்டனின் ஃபுகாஸி. கச்சேரிக்கு ஐந்து டாலர் மாதிரி குறைந்த கட்டணம், எந்த வயதினரும் வரலாம், டி-ஷர்ட் விற்பனை கிடையாது. ஆல்பங்கள் எல்லாம் பாடகர் இயன் மெக்காயின் டிஸ்கார்ட் லேபிளில்தான். 'ரிப்பீட்டர்' (1990) கேளுங்கள். கொள்கைக்காக மட்டும் பாராட்ட வேண்டிய ஆல்பம் என்று நினைத்துவிடாதீர்கள், இரண்டு கிட்டாரும் பேஸும் டிரம்ஸும் இவ்வளவு இறுக்கமாகப் பூட்டிக்கொண்ட ராக் ஆல்பங்கள் குறைவு.

ஜாய் டிவிஷன் டி-ஷர்ட்டில் இருக்கிற அந்த அலை அலையான கோடுகள் என்ன?

1979இல் வந்த 'அன்நோன் பிளஷர்ஸ்' ஆல்பத்தின் அட்டை அது. முதன்முதலில் கண்டுபிடிக்கப்பட்ட பல்சர் நட்சத்திரமான சிபி 1919இன் ரேடியோ துடிப்புகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருக்கின்றன. பீட்டர் சவில் வடிவமைத்தார். முன்பக்கத்தில் குழுவின் பெயரும் இல்லை, ஆல்பத்தின் பெயரும் இல்லை. முதல் ஆல்பத்திலேயே பெயரைப் போடாமல் விடுவதற்கு ஃபாக்டரி மாதிரி லேபிள்தான் சம்மதிக்கும். டி-ஷர்ட் போட்டிருப்பவர்கள் எல்லோரும் ஆல்பத்தையும் கேட்க வேண்டும் என்று நான் சண்டைக்குப் போக மாட்டேன், ஆனால் கேட்காமல் விடுவது பெரிய நஷ்டம். தயாரிப்பாளர் மார்ட்டின் ஹானெட் டிரம்ஸையும் குரலையும் எவ்வளவு தள்ளித் தள்ளி வைத்திருக்கிறார் என்பதைக் கவனியுங்கள்.

'லவ்லெஸ்' கேட்டேன். எல்லாம் மங்கலாக இருக்கிறது. என் இயர்போன் கோளாறா?

இயர்போன் நன்றாகத்தான் இருக்கிறது. மை பிளடி வாலன்டைன் 1991 நவம்பரில் வெளியிட்ட இந்த ஆல்பம் அப்படித்தான் கேட்க வேண்டும் என்று திட்டமிட்டுச் செய்யப்பட்டது. குழுவின் கெவின் ஷீல்ட்ஸ், ஸ்வரத்தை ஏற்றி இறக்கும் டிரெமோலோ கம்பியைக் கையிலேயே பிடித்துக்கொண்டு தந்திகளை மீட்டுவார். அதனால் ஒவ்வொரு ஸ்வரமும் தன் இடத்தில் நிற்காமல் கொஞ்சம் சறுக்கி, கொஞ்சம் ஏறி, மிதந்துகொண்டே இருக்கும். அதற்கு மேல் குரல்களை மற்ற கருவிகளின் மட்டத்துக்கே இறக்கி வைத்துவிட்டார். பிலிண்டா புட்சர் பாடுகிறாரா, கீபோர்டு ஒலிக்கிறதா என்று சில இடங்களில் பிரித்தறிய முடியாது. நூறு கிட்டார் அடுக்கியிருக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். அவ்வளவு இல்லை என்று ஷீல்ட்ஸ் பலமுறை சொல்லியிருக்கிறார். ஒரு கிட்டாரே அப்படி வாசித்தால் பல கிட்டார் போலக் கேட்கும்.

முதல் பாட்டின் தொடக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்னேர் டிரம்மில் நான்கு அடி, உடனே கிட்டார் சுவர் எழுந்து நிற்கும். கொஞ்ச நேரம் கழித்து அது அடங்கி, உள்ளே மெல்லிய குரல் வரும். வார்த்தையைத் தேடாதீர்கள். ஒலியளவைக் கொஞ்சம் கூட்டி, வேறு வேலை எதுவும் செய்யாமல் ஒரு தடவை கேளுங்கள்.

இரண்டு ஆண்டுகள், ஏகப்பட்ட ஸ்டூடியோக்கள், கிரியேஷன் லேபிளின் பொறுமையும் பணமும் கரைந்ததுதான் மிச்சம். ஆல்பம் வந்த பிறகு லேபிள் குழுவைக் கைவிட்டது. அடுத்த ஆல்பம் வர 22 ஆண்டுகள் ஆயின, 2013இல்.

லோ-ஃபை என்ற பெயரில் மோசமான ஒலிப்பதிவை ஏன் கொண்டாடுகிறார்கள்?

மோசமான பாட்டை மோசமாகப் பதிவுசெய்தால் யாரும் கொண்டாட மாட்டார்கள். ஒஹாயோ மாநிலம் டேட்டனைச் சேர்ந்த கைடட் பை வாய்ஸஸின் 'பீ தவுசண்ட்' (1994) கேளுங்கள். குழுவின் பாடகர் ராபர்ட் பொலார்ட் பள்ளி ஆசிரியராக வேலை பார்த்தவர். வீட்டு அடித்தளத்திலும் கராஜிலும் நான்கு ட்ராக் கேசட் இயந்திரத்தில் நண்பர்களோடு பதிவுசெய்தது. இருபது பாட்டு, சுமார் 36 நிமிடம். முதல் பாட்டில் நடுவே கிட்டார் சட்டென்று காணாமல்போய்த் திரும்பி வரும். திருத்தாமல் அப்படியே விட்டுவிட்டார்கள். பாட்டு தோன்றிய கணத்துக்கும் பதிவான கணத்துக்கும் இடைவெளியே இல்லாதது போன்ற உணர்வு அதில் கிடைக்கிறது. பளபளப்பான ஸ்டூடியோவில் அந்த உணர்வு வருவது கடினம்.

பாடுகிற வரிகள் புரியாமல் எப்படி ரசிப்பது?

ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களுக்கே ஆர்.இ.எம்.மின் முதல் ஆல்பம் 'மர்மர்' (1983) புரியாது. பாடகர் மைக்கேல் ஸ்டைப் வார்த்தைகளை மென்று விழுங்கினார். அந்த ஆல்பத்துக்கு லேபிள் முதலில் வேறொரு தயாரிப்பாளரை வைத்துப் பார்த்தது. அவர் திரும்பத் திரும்ப வாசிக்க வைத்தார், கேட்காமலே கீபோர்டு சேர்த்தார். குழு ஒத்துக்கொள்ளாமல், தங்களுக்குப் பழக்கமான மிட்ச் ஈஸ்டரிடமும் டான் டிக்ஸனிடமும் போனது. ஸ்டைப்பின் முணுமுணுப்பு பிழைத்தது அதனால்தான். காக்டோ ட்வின்ஸின் 'ஹெவன் ஆர் லாஸ் வேகஸ்' (1990) இன்னும் ஒரு படி மேலே. பாடகி எலிசபெத் ஃபிரேசருக்கு அர்த்தத்தைவிட எழுத்துகளின் ஓசை முக்கியம். ஆலாபனையில் நாம் அர்த்தம் கேட்பதில்லையே.

ரேடியோஹெட்: 'ஓகே கம்ப்யூட்டர்' பிடித்திருக்கிறது, 'கிட் ஏ' பிடிக்கவில்லை. என்ன செய்வது?

எதுவும் செய்ய வேண்டாம், கொஞ்ச நாள் விட்டுவிடுங்கள். 1997இல் 'ஓகே கம்ப்யூட்டர்' மூலம் கிட்டார் ராக்கின் உச்சியில் நின்ற குழு 2000 அக்டோபரில் பாதி கிட்டாரைக் கீழே வைத்துவிட்டு மின்னணு ஒலிகள் நிறைந்த 'கிட் ஏ'வோடு வந்தது. வானொலிக்கென்று ஒரு பாட்டைக்கூடத் தனியாக (சிங்கிளாக) வெளியிடவில்லை. ஆனாலும் அமெரிக்காவில் முதலிடம். இடையில் ஒரு பாலம் வேண்டுமென்றால் 'இன் ரெயின்போஸ்' (2007) கேளுங்கள். இஎம்ஐ கம்பெனியோடு இருந்த ஒப்பந்தம் முடிந்து லேபிளே இல்லாதிருந்த நேரத்தில், விரும்பிய விலை கொடுத்து எடுத்துக்கொள்ளுங்கள் என்று தங்கள் தளத்தில் வைத்தார்கள். ஒன்றுமே கொடுக்காமலும் எடுக்கலாம். பின்னர் தட்டாக வந்தபோதும் பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் அது முதலிடம் பிடித்தது. எனக்கு அவர்களுடைய ஆல்பங்களில் மிக நெருக்கமானது இதுதான்.

'இன் தி ஏரோபிளேன் ஓவர் தி சீ' மேல் ஏன் இவ்வளவு பித்து?

நியூட்ரல் மில்க் ஹோட்டல் 1998 பிப்ரவரியில் மெர்ஜ் லேபிளில் வெளியிட்ட ஆல்பம். பாடகர் ஜெஃப் மாங்கம் ஆன் ஃபிராங்கின் டைரியைப் படித்துக் கலங்கியதிலிருந்து பிறந்த பாடல்கள். ஒரு அக்கூஸ்டிக் கிட்டார், சுருதி விலகினாலும் கவலைப்படாத பித்தளைக் கருவிகள், வில் போட்டு வாசிக்கும் ரம்பம். 'ஓ காம்லி' என்ற எட்டு நிமிடப் பாட்டின் கதையைச் சொன்னால் போதும். மைக் அளவைச் சரிபார்க்கக் கொஞ்சம் பாடச் சொன்னார்கள், அவர் நிறுத்தாமல் முழுப் பாட்டையும் பாடி முடித்துவிட்டார். அதைத்தான் ஆல்பத்தில் வைத்தார்கள். கடைசியில் அறையில் இருந்த ஒருவர் வியந்து கத்துவதும் பதிவாகியிருக்கிறது. அந்த ஆண்டோடு மாங்கம் பெரும்பாலும் ஒதுங்கிப்போனார். குழு மறுபடி சேர்ந்து ஊர் ஊராக வாசித்தது 2013க்குப் பிறகுதான். அவர் ஒதுங்கியதால் ஆல்பத்தைச் சுற்றி ஒரு மர்மம் கட்டப்பட்டது உண்மை. அதைக் கழித்துவிட்டுக் கேட்டாலும் நெஞ்சை அடைக்கிறது.

இந்தப் பட்டியல்களில் எல்லாம் ஆண்களாகவே இருக்கிறார்களே?

பட்டியல் போடுகிறவர்களின் குறை அது. கிம் டீல் பிக்ஸீஸில் இருந்தபோதே தொடங்கிய தி பிரீடர்ஸின் 'பாட்' (1990), 'லாஸ்ட் ஸ்பிளாஷ்' (1993) இரண்டும் எந்தப் பட்டியலிலும் இருக்க வேண்டியவை. பி.ஜே. ஹார்வி, பிரிட்டனில் ஆண்டின் சிறந்த ஆல்பத்துக்குத் தரும் மெர்குரி பரிசை 2001இலும் 2011இலும் வென்றார். அதை இருமுறை வாங்கிய முதல் கலைஞர் அவர்.

ஆனால் ஒன்றை மட்டும் கேட்க நேரம் இருக்கிறது என்றால் ஸ்லீட்டர்-கின்னியின் 'டிக் மீ அவுட்' (1997). அந்தக் குழுவில் பேஸ் கிடையாது. கோரின் டக்கரும் கேரி பிரவுன்ஸ்டீனும் இரண்டு கிட்டாரையும் வழக்கத்தைவிடக் கீழே இறக்கிச் சுருதி கூட்டி, ஒருவர் விட்ட இடத்தை மற்றவர் நிரப்புகிறார்கள். இடது காதில் ஒன்று, வலது காதில் ஒன்று. நடுவில் ஜேனட் வைஸின் டிரம்ஸ். டக்கரின் குரல் அதற்கு மேல் அபாய மணி அடித்தது மாதிரி எழும். முதல் கேட்பில் அந்தக் குரல் சிலருக்கு ஒத்துவராது. மூன்றாவது பாட்டுக்குள் பழகிவிடும்.

பிரிந்த குழுக்கள் மறுபடி சேர்ந்து போடும் ஆல்பங்களைக் கேட்கலாமா?

பெரும்பாலானவற்றை ஒருமுறை கேட்டால் போதும். விதிவிலக்கு ஸ்லோடைவ். 1995இல் லேபிள் வெளியேற்றிய பிறகு குழு கலைந்தது. 2014இல் மேடைக்குத் திரும்பி, 2017இல் குழுவின் பெயரையே தலைப்பாக வைத்து ஒரு ஆல்பம் தந்தது. அது 'சூவ்லாக்கி'க்கு (1993) பக்கத்தில் வைக்கத் தகுந்தது.

பிரியாமலே புதிதாகப் பிறந்த குழுவும் உண்டு. மின்னசோட்டாவின் லோ, மெதுவான, கிசுகிசுப்பான இசையில் 1993இல் தொடங்கியது. மிமி பார்க்கர் நின்றுகொண்டே ஒன்றிரண்டு டிரம்மை மட்டும் வாசிப்பார். 'டபுள் நெகட்டிவ்' (2018) ஆல்பத்தில் அதே குரல்களை எரிந்து கரகரக்கும் ஒலிக்குள் அமிழ்த்தினார்கள். கால் நூற்றாண்டு ஓடிய ஒரு குழு தன் வாழ்நாளின் மிகத் துணிச்சலான ஆல்பத்தை அப்போது செய்தது. மிமி பார்க்கர் 2022 நவம்பரில் காலமானார்.

புதியவர்களில் யாரைக் கேட்கலாம்?

பிளாக் கன்ட்ரி, நியூ ரோடு. 2022 பிப்ரவரியில் 'ஆன்ட்ஸ் ஃபிரம் அப் தேர்' வெளியாகச் சில நாட்களே இருந்தபோது பாடகர் ஐசக் உட் விலகுவதாக அறிவித்தார். அந்த ஆல்பம் எல்லா இடத்திலும் பாராட்டை அள்ளியது. மற்றவர்கள் நினைத்திருந்தால் வேறு பாடகரை வைத்து அதே பாடல்களோடு மேடை ஏறியிருக்கலாம். அவர்கள் பழைய பாடல்களை மொத்தமாக ஒதுக்கிவிட்டு, மேடைக்கென்று புதிதாக எழுதினார்கள். அவைதான் 'லைவ் அட் புஷ் ஹால்' (2023). அப்புறம் 'ஃபாரெவர் ஹவ்லாங்' (2025), குழுவின் மூன்று பெண்களும் எழுதிப் பாடியது. வரிசையாக மூன்றையும் கேளுங்கள். நேரம் குறைவு என்றால் 'லைவ் அட் புஷ் ஹால்' முதலில்.